மூளைத் தமனியில் ஒரு புடைப்பு: செயற்கை நுண்ணறிவிடம் எந்தக் கேள்வியைக் கேட்கலாம்?

சிங்கப்பூரின் ஈசூனில் வசிக்கும் வாசகர் ஒருவர் தம் தாயாரைப் பற்றி எழுதியிருந்தார். தாயாருக்கு வயது 58. பல ஆண்டுகளாக ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுத்துவருகிறார். தலைசுற்றலுக்காக எடுத்த எம்ஆர்ஏ (காந்த அலையால் ரத்தநாளங்களைக் காட்டும்) படத்தில், வலப்பக்க நடு மூளைத் தமனி இரண்டாகக் கிளை பிரியும் இடத்தில் 5 மி.மீ. அளவுள்ள ஒரு புடைப்பு தற்செயலாகத் தெரிந்திருக்கிறது. "அம்மா, இது நாளைக்கே வெடிக்கும் என்று நான் சொல்லவில்லை, வெடிக்கவே வெடிக்காது என்றும் சொல்ல முடியாது" என்று மருத்துவர் சொன்னாராம். அந்த ஒரு வாக்கியத்தை எம்ஆர்டி ரயிலில் வீடு திரும்பும் வரை தாயார் தமக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தாராம்.

மகனுடைய கேள்வி வேறு. செயற்கை நுண்ணறிவு இப்போது மூளை அனியூரிசம் எனப்படும் இத்தகைய புடைப்பின் சிகிச்சைக்கு வழிகாட்டுகிறது என்று படித்திருக்கிறார். மருத்துவர் குழுவின் முடிவோடு நிற்பதா, படத்தை மென்பொருளைக் கொண்டு மறுபடி பார்க்கச் சொல்வதா, வெடிக்கும் அபாயத்தைக் கணித்துத் தருவதாகச் சொல்லும் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்குப் பணம் கட்டுவதா, கணினியில் ஒத்திகை பார்த்துச் சிகிச்சை அளிக்கும் இடத்தைத் தேடிப் போவதா என்று தடுமாறுகிறார். இதே தடுமாற்றத்தில் இருக்கும் வேறு சிலரும் எழுதியிருப்பதால் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதலில் பார்க்க வேண்டியது, அந்த வழி எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பது. "புடைப்பு இருக்கிறதா, வளர்ந்திருக்கிறதா?" என்பது ஒரு கேள்வி. "வெடிக்குமா?" என்பது இன்னொன்று. "வெடிக்காமல் தடுக்க எந்தக் கருவியை எந்த அளவில் வைப்பது?" என்பது மூன்றாவது. விளம்பரங்களில் இவை எல்லாம் ஒரே பெயரில் வந்துவிடுகின்றன. குழப்பத்தில் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டாவது, விடை தவறாக இருந்தால் அது தவறு என்று யாராவது கண்டுபிடிக்க முடியுமா என்பது. நான்கு அளவுகோல்களில் இதற்குத்தான் நான் அதிக எடை கொடுக்கிறேன். மூன்றாவது, அந்த விடை யாருடைய உடல்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளப்பட்டது என்பது. நான்காவது செலவு. மருத்துவமனை ரசீதில் வருவது மட்டும் செலவன்று. மனநிம்மதி, காப்புறுதி, மறுபடி மறுபடி எடுக்கும் படங்கள் ஆகியவையும் சேர்ந்ததுதான் அது.

## முடிவு ஏன் இவ்வளவு கடினம்

பழைய சைக்கிள் டியூபில் ரப்பர் மெலிந்த ஓரிடம் காற்றழுத்தத்தில் முட்டைபோலப் புடைத்து நிற்குமே, தமனிச் சுவரில் நடப்பதும் ஏறத்தாழ அதுதான். பெரியவர்களில் 100 பேரில் சுமார் 3 பேருக்கு இப்படி ஒரு புடைப்பு இருக்கிறது. பெரும்பாலோர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். ஜப்பானில் 5,720 பேரைப் பின்தொடர்ந்து 2012ல் வெளியான ஆய்வில், ஆண்டுக்குச் சராசரியாக 0.95 விழுக்காட்டுப் புடைப்புகள் வெடித்தன. வெடித்தால் ஏற்படும் மூளை உறை ரத்தக்கசிவு ஏறத்தாழ மூவரில் ஒருவரின் உயிரைப் பறிக்கிறது; பிழைத்தவர்களிலும் பலர் முன்போல் ஆவதில்லை.

அப்படியானால் உடனே சரிசெய்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் வெடிக்காத புடைப்புகளுக்கு அளித்த சிகிச்சைகளை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, முதல் 30 நாள்களில் சிக்கல் ஏற்பட்டவர்கள் ரத்தநாளம் வழியான சிகிச்சையில் ஏறத்தாழ 5 விழுக்காடு என்றும், மண்டையோட்டைத் திறந்து செய்யும் அறுவையில் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேல் என்றும் காட்டியது. பல ஆண்டுகளுக்குப் பரவிக் கிடக்கும் ஒரு சிறு அபாயத்தையும், ஒரே நாளில் ஏற்க வேண்டிய இன்னோர் அபாயத்தையும் தராசில் வைக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தராசின் முள்ளை இன்னும் துல்லியமாகப் படித்துத் தருகிறேன் என்றுதான் ஒவ்வொரு மென்பொருளும் சொல்கிறது.

## வழி 1: மருத்துவர் குழுவும் மதிப்பெண் அட்டவணையும்

சிங்கப்பூரில் இத்தகைய புடைப்புகளைக் கவனிக்கும் பெரிய மருத்துவ மையங்களில் மூளை அறுவை மருத்துவரும் ரத்தநாளம் வழியாகச் சிகிச்சை அளிக்கும் கதிரியக்க மருத்துவரும் ஒரே திரையின் முன் உட்கார்ந்து படத்தைப் பார்த்துப் பேசி முடிவெடுப்பார்கள். ஒருவருக்குக் கிளிப் (புடைப்பின் கழுத்தை இறுக்கும் உலோகக் கவ்வி) எளிதாகத் தெரியும், மற்றவருக்குக் காயில் (புடைப்புக்குள் நிரப்பும் உலோகச் சுருள்) எளிதாகத் தெரியும். அந்த இழுபறியே நோயாளிக்குப் பாதுகாப்பு.

அவர்கள் கையில் இருக்கும் கருவிகளில் முக்கியமானது 2014ல் வெளியான ஃபேசஸ் மதிப்பெண். ஆறு ஆய்வுகளில் இடம்பெற்ற 8,382 நோயாளிகளின் விவரங்களிலிருந்து உருவானது. எந்த நாட்டு மக்கள், ரத்த அழுத்தம், வயது, புடைப்பின் அளவு, முன்பு வேறொரு புடைப்பு வெடித்ததா, எந்தத் தமனி என்ற ஆறையும் கூட்டினால் அடுத்த 5 ஆண்டுகளில் வெடிக்கும் வாய்ப்பு கிடைக்கும். ஈசூன் தாயாருக்குக் கூட்டிப் பார்ப்போம். ரத்தக் கொதிப்புக்கு 1, நடு மூளைத் தமனிக்கு 2. வயது 70க்குக் கீழ், அளவு 7 மி.மீ.க்குக் கீழ், முன்பு வெடித்ததில்லை. ஆகவே அவற்றுக்குச் சுழியம். மொத்தம் 3. அட்டவணைப்படி 5 ஆண்டு அபாயம் 0.7 விழுக்காடு.

ஆனால் நாடு என்ற வரியை விட்டுவிட்டோம். அந்த வரியில் இருப்பவை மூன்றே பிரிவுகள்: வட அமெரிக்காவும் ஃபின்லாந்து நீங்கலான ஐரோப்பாவும் சேர்ந்து 0, ஜப்பான் 3, ஃபின்லாந்து 5. இதே தாயார் ஜப்பானியராக இருந்தால் மதிப்பெண் 6, அபாயம் 1.7 விழுக்காடு, ஃபின்லாந்துக்காரராக இருந்தால் 8, அபாயம் 3.2 விழுக்காடு. தமிழருக்கு அங்கே வரியே இல்லை. மலாய்க்காரருக்கும் இல்லை, சீனருக்கும் இல்லை. நம் மருத்துவர்கள் சுழியம் போட்டுக் கணக்கிட்டால் அது வேறு வழியில்லாததால் எடுத்த ஓர் ஊகம் என்பதை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புகைப்பழக்கமும் குடும்ப வரலாறும் அட்டவணையில் இல்லை. அவற்றை மருத்துவர் தம் மனக்கணக்கில்தான் சேர்க்கிறார்.

இத்தனை ஓட்டைகள் இருந்தும் இந்த வழிக்கு ஒரு பெரிய பலம் உண்டு: கூட்டல் கணக்கு கண்முன்னே இருக்கிறது. எந்த எண் எங்கிருந்து வந்தது என்று நோயாளியே கேட்கலாம், மருத்துவரும் பதில் சொல்லலாம். இதன் மறைந்த செலவு காத்திருப்பு. மானிய நோயாளியாக நிபுணரைப் பார்க்கக் காத்திருக்கும் வாரங்களில் தூக்கம் கெடும். பேசுவது தமிழ், கேட்பது ஆங்கிலம் என்று இருக்கும் முதியவர்களுக்குக் கூட்டல் கணக்கு போய்ச் சேராமல் பயம் மட்டும் போய்ச் சேரும்.

## வழி 2: படத்தைப் படிக்கவும் அளக்கவும் மென்பொருள்

செயற்கை நுண்ணறிவு மிக முதிர்ந்திருக்கும் இடம் இதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு 2019ல் வெளியிட்ட ஆய்வில், 8 மருத்துவர்கள் சிடி ரத்தநாளப் படங்களை மென்பொருள் உதவியின்றியும் உதவியோடும் படித்தார்கள். புடைப்புள்ள படங்களில் அதைச் சரியாகக் கண்டுபிடித்த விகிதம் 83.1 விழுக்காட்டிலிருந்து 89 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. பயனுள்ள முன்னேற்றம்தான், மாயவித்தை அன்று. படங்கள் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவை, 3 மி.மீ.க்குச் சிறிய புடைப்புகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை. ஜப்பானில் அதே ஆண்டு எம்ஆர் படங்களில் அனியூரிசத்தைச் சுட்டிக்காட்டும் மென்பொருளுக்கு அரசு ஒப்புதல் கிடைத்தது. மூளைப் பரிசோதனை அங்கே பலர் காசு கொடுத்துச் செய்துகொள்ளும் வழக்கம் என்பதால் தேவையும் அங்கே அதிகம்.

ஏற்கெனவே புடைப்பு கண்டுபிடிக்கப்பட்டவருக்குக் கண்டுபிடிக்கும் திறனைவிட அளக்கும் திறன்தான் முக்கியம். கண்காணிப்பு என்பது ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையோ படமெடுத்து, வளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. 1 மி.மீ. கூடினால் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். வளரும் புடைப்பு வெடிக்கும் வாய்ப்பும் அதிகம். திரையில் நடப்பதை அருகிலிருந்து பார்த்தால் பிரச்சினை புரியும். மருத்துவர் முப்பரிமாணப் படத்தைச் சுழற்றி, புடைப்பின் கழுத்தில் ஒரு புள்ளியும் உச்சியில் ஒரு புள்ளியும் வைத்துக் கோடு இழுக்கிறார். படத்தைக் கொஞ்சம் கூடுதலாகச் சாய்த்து இன்னொருவர் இழுத்தால் 4.8 என்பது 5.4 ஆகலாம். போன ஆண்டு 1.5 டெஸ்லா இயந்திரம், இந்த ஆண்டு காந்த வலிமை கூடிய 3 டெஸ்லா இயந்திரம் என்றால் புடைப்பின் விளிம்பே வேறு மாதிரித் தெரியும். இரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, நீளத்தை மட்டுமன்றிக் கொள்ளளவையும் ஒரே முறையில் அளக்கும் மென்பொருள் இங்கே உண்மையாகவே உதவுகிறது. அதைவிட முக்கியம், அது சொல்வதைச் சரிபார்க்கலாம். கோட்டை மருத்துவர் பார்த்து, தவறென்றால் அழித்துவிட்டு மறுபடி இழுப்பார்.

மறைந்த செலவு இரண்டு. ஒன்று, பொய்யான எச்சரிக்கை. தமனி வளைந்து திரும்பும் இடத்தையும், சிறு கிளை புறப்படும் புனல்வாயையும் மென்பொருள் புடைப்பு என்று குறிப்பதுண்டு. மற்றொன்று, உண்மையான ஆனால் தேவையில்லாத கண்டுபிடிப்பு. ஒன்றும் செய்யத் தேவையில்லாத 2 மி.மீ. புடைப்பு அறிக்கையில் ஏறிவிட்டால் அது வாழ்நாள் முழுதும் கூடவே வரும். சிங்கப்பூரின் தேசிய மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கும் காப்புறுதி தருகிறது. ஆனால் அதன் மேல் எடுக்கும் தனியார் ஒருங்கிணைந்த திட்டங்கள் புதிதாகச் சேர்பவருக்கு அந்த நோயை விலக்கிவிடலாம். தாயாருக்கு இருக்கிறதே என்று பயந்து மகனும் மகளும் படமெடுக்க ஓடுவதற்குமுன் இதை யோசிக்க வேண்டும். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய வட்டத்தில் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு இருந்தால்தான் மற்றவர்களைச் சோதிப்பது பற்றி மருத்துவர்கள் பொதுவாகப் பேசுவார்கள்.

## வழி 3: வெடிக்குமா என்று கணிக்கும் மென்பொருள்

எல்லாரும் விடை தேடுவது இந்தக் கேள்விக்குத்தான். பலவீனமான விடை கிடைப்பதும் இதற்குத்தான்.

இத்தகைய மென்பொருள்களில் பல, வெடித்த புடைப்புகளின் படங்களையும் வெடிக்காத புடைப்புகளின் படங்களையும் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் உள்ள வடிவ வேறுபாட்டைக் கற்றுக்கொண்டவை. உடைந்த பானைகளைப் பார்த்துவிட்டு, அடுப்பிலிருக்கும் பானைகளில் எது உடையும் என்று சொல்வதைப் போன்றது இது. வெடித்ததும் புடைப்பின் வடிவமே மாறக்கூடும். அப்போது மென்பொருள் கற்றது வெடிப்பின் காரணத்தையா விளைவையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. நோயாளிகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து கற்பித்தாலும் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஆபத்தாகத் தெரிந்த புடைப்புகளுக்கு மருத்துவர்கள் முன்பே சிகிச்சை அளித்துவிடுகிறார்கள். அவை விட்டிருந்தால் வெடித்திருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. எஞ்சியவற்றை மட்டும் பார்த்துக் கற்ற இயந்திரத்துக்கு மிக ஆபத்தானவற்றைப் பற்றிய பாடமே கிடைக்கவில்லை.

புடைப்புக்குள் ரத்தம் சுழலும் விதத்தையும் சுவரில் அது உரசும் விசையையும் கணினியில் கணக்கிட்டுச் சேர்ப்பதுண்டு. உரசல் கூடுவது ஆபத்து என்று சில ஆய்வுகளும், குறைவதுதான் ஆபத்து என்று வேறு சில ஆய்வுகளும் சொல்லிவந்திருக்கின்றன. நுட்பமான வண்ணப் படம் ஒன்று அறிக்கையில் வரும், அழகாகவும் இருக்கும். சிவப்பாகத் தெரியும் இடம்தான் கிழியும் என்று யாரும் கையெழுத்திட்டுத் தர மாட்டார்கள்.

இனி ஒரு சிறு கணக்கு. ஈசூன் தாயாரைப் போன்ற 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். 5 ஆண்டுகளில் 10 பேருக்கு வெடிக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நம்மிடம் மிக நல்ல மென்பொருள் ஒன்று இருப்பதாகவும் கற்பனை செய்வோம்: வெடிக்கப்போகும் 10 பேரில் 9 பேரைப் பிடித்துவிடும், வெடிக்காதவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாக விட்டுவிடும். வெடிக்காத 990 பேரில் 10 விழுக்காடு என்றால் 99 பேர். ஆகவே "உயர் அபாயம்" என்ற முத்திரை பெறுவோர் 108 பேர். உண்மையில் வெடிக்கப்போவது அவர்களில் 9 பேருக்கு. 108 பேருக்கும் சிகிச்சை அளித்தால், முன்பு சொன்ன 5 முதல் 8 விழுக்காடு என்ற கணக்கில், 5 முதல் 9 பேருக்குச் சிகிச்சையாலேயே சிக்கல் வரும். மென்பொருள் மோசம் என்று இதற்குப் பொருளில்லை. அரிதாக நடப்பதைக் கணிக்கும் எவருக்கும் இந்தக் கதிதான்.

மறைந்த செலவுகளும் இந்த வழியில்தான் அதிகம். வெளிநாட்டு நிறுவனத்துக்கு நேரடியாகக் கட்டும் கட்டணம் கைக்காசு. அனுப்பும் குறுவட்டில் படம் மட்டும் இருப்பதில்லை. பெயரும் பிறந்த நாளும் அடையாள அட்டை எண்ணும் கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, "உயர் அபாயம், 82" என்று ஒரு தாள் வீட்டுக்கு வந்துவிட்டால் அதைப் படித்த பிறகு படிக்காதவராக ஆக முடியாது. அந்தத் தாளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் தொங்கிக்கொண்டிருக்கும். சிங்கப்பூரில் மருத்துவச் சாதனமாக விற்கப்படும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. சுகாதார அமைச்சும் ஆணையமும் சேர்ந்து 2021ல் வழிகாட்டி நெறிமுறைகளையும் வெளியிட்டன. இணையத்தில் வாங்கிய அறிக்கைக்கு அந்தக் குடை இல்லாமல் போகலாம்.

இதற்கும் பொருந்தும் நோயாளி உண்டு. 6 அல்லது 7 மி.மீ. அளவில், மேற்பரப்பில் சிறு கொப்புளத்தோடு, மருத்துவர் குழுவே இரண்டாகப் பிரிந்து நிற்கும் நிலையில், மருத்துவமனையே தன் ஆய்வின் பகுதியாக இதைப் பயன்படுத்தினால் இன்னொரு குரலாகக் கேட்டுக்கொள்ளலாம்.

உரையாடும் செயலிகளில் அறிக்கையை ஒட்டிக் கேட்பது பற்றியும் சிலர் கேட்டிருந்தார்கள். அறிக்கையின் சொற்களைத் தமிழில் புரிந்துகொள்ளவும் மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொள்ளவும் அது பயன்படும். வெடிக்குமா என்று மட்டும் அதனிடம் கேட்க வேண்டாம்.

## வழி 4: சிகிச்சைக்கு முன் கணினியில் ஒத்திகை

சிகிச்சை தேவை என்று முடிவான பிறகு வரும் கட்டம் இது. இன்று பொதுவாகக் கையாளப்படுவன மூன்று: புடைப்பின் கழுத்தில் உலோகக் கிளிப் போடுவது, தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்திப் புடைப்புக்குள் பிளாட்டினக் காயில்களை நிரப்புவது, தாய்த்தமனிக்குள் நெருக்கமான வலைக்குழல் ஒன்றை விரித்து ரத்தம் புடைப்புக்குள் புகாமல் திசைதிருப்புவது.

வலைக்குழலில்தான் ஒத்திகை மிகவும் பயன்படுகிறது. பின்னிய குழல் என்பதால் அகன்ற தமனியில் விரிந்தால் நீளம் குறையும், குறுகிய தமனியில் நீளும். பெட்டியில் அச்சிட்ட நீளமும் தமனிக்குள் கிடக்கும் நீளமும் ஒன்றல்ல. தவறான அளவை எடுத்துவிட்டால் வெளியே இழுத்து வேறொன்றைப் போட வேண்டும். பல ஆயிரம் வெள்ளி மதிப்புள்ள கருவி வீண், நோயாளி மயக்கத்தில் கிடக்கும் நேரமும் கூடும். நோயாளியின் முப்பரிமாணப் படத்திலேயே குழலை விரித்துக் காட்டும் மென்பொருள்களைப் பிரான்சின் மோன்பெல்லியே நகரிலும் பிரிட்டனிலும் உள்ள நிறுவனங்கள் தயாரிக்கின்றன. விடையின் சரியும் தவறும் அன்றைக்கே எக்ஸ்ரே திரையில் தெரிந்துவிடும் என்பதால், சரிபார்க்கும் அளவுகோலில் நான்கு வழிகளிலும் இதற்கே முதலிடம் கொடுப்பேன்.

மறைந்த செலவு: துல்லியமான ஒத்திகைக்குக் குழாய் செலுத்தி எடுக்கும் ரத்தநாளப் படம் தேவை, அதில் சிறியதே எனினும் பக்கவாத அபாயம் உண்டு. ஆகவே "சும்மா ஒத்திகை பார்த்துவிடலாம்" என்று கேட்பது சும்மா கேட்பதாகாது. வலைக்குழல் வைத்தவர் பல மாதங்களுக்கு ஆஸ்பிரினோடு இன்னொரு ரத்த உறைவுத் தடுப்பு மருந்தும் எடுக்க வேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் குளோபிடோகிரல் ஆசியர்களில் கணிசமானோருக்கு மரபணுக் காரணத்தால் சரியாக வேலை செய்வதில்லை. எந்த ஒத்திகையிலும் இது தெரியாது. தனியாகச் சோதிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | விடை தரும் கேள்வி | சரிபார்க்க முடியுமா | மறைந்த செலவு | யாருக்கு ஏற்றது |
|---|---|---|---|---|
| மருத்துவர் குழு, மதிப்பெண் | இப்போது சிகிச்சையா, கண்காணிப்பா | கணக்கு கண்முன் இருக்கிறது | காத்திருப்பு. நம் இனத்தவருக்குத் தனி வரி இல்லை | எல்லாருக்கும் |
| படம் படித்து அளப்பது | இருக்கிறதா, வளர்ந்ததா | முடியும், உடனே | பொய் எச்சரிக்கை, காப்புறுதி | கண்காணிப்பில் இருப்பவர் |
| வெடிப்பைக் கணிப்பது | வெடிக்குமா | பல ஆண்டு கழித்தே, அதுவும் அரைகுறையாக | கைக்காசு, தனிப்பட்ட தரவு, தீராத பயம் | குழு இரண்டாகப் பிரிந்த சிலர் |
| ஒத்திகை | எந்தக் கருவி, எந்த அளவு | முடியும், அன்றே | குழாய்ப் படத்தின் அபாயம் | சிகிச்சை முடிவானவர் |

இந்த அட்டவணைக்கு வெளியே ஒரு நிலை இருக்கிறது. வாழ்நாளில் அனுபவித்திராத தலைவலி ஒரே நொடியில் இடிபோல இறங்கினால், கழுத்து விறைத்தால், வாந்தியோ மயக்கமோ வந்தால் ஆம்புலன்ஸுக்கான 995ஐ அழைக்க வேண்டும். அப்போது எந்த மருத்துவமனையில் எந்த மென்பொருள் என்று தேட நேரமில்லை.

## ஈசூன் தாயாருக்கு

மூன்றாவது வழிக்கு எடுத்துவைத்த பணத்தை மகன் வங்கியிலேயே விட்டுவைக்கலாம். 5 மி.மீ., வழவழப்பான மேற்பரப்பு, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லை என்ற நிலையில், கண்காணிக்கலாம் என்று குழு சொன்னால் அதை ஏற்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அடுத்த படத்தை அதே மருத்துவமனையில், முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். பழைய படத்தோடு பொருத்திக் கொள்ளளவை அளக்கும் மென்பொருள் அங்கே இருக்கிறதா என்றும் கேட்கலாம். இல்லையென்றால் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒரே மருத்துவர் ஒரே அமர்வில் அளந்தால் போதும்.

1 மி.மீ. வளர்ந்தாலோ புதிதாகக் கொப்புளம் தெரிந்தாலோ கணக்கு மாறிவிடும். அப்போது பேச்சு நான்காவது வழிக்குப் போகும். நடு மூளைத் தமனி கிளை பிரியும் இடம் கிளிப் போடுவதற்கு வசதியான இடமாகப் பல அறுவை மருத்துவர்களால் கருதப்படுவதால், வலைக்குழல் ஒத்திகைக்கே தேவையில்லாமலும் போகலாம்.

அதுவரை எந்த மென்பொருளும் தொடாத வேலை ஒன்று வீட்டில் இருக்கிறது. தாயார் பலதுறை மருந்தகத்தில் வாங்கிவரும் ரத்தக் கொதிப்பு மாத்திரையை உடம்பு நன்றாக இருக்கும் நாள்களில் விட்டுவிடுகிறாராம். கடிதத்தின் கடைசி வரியில், போகிற போக்கில், மகன் அதை எழுதியிருந்தார்.